கழுவாத தூக்குவாளி

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டைவிரலால் பெரிய சண்டை வந்தது. இருதயத்தில் அடைப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறேன் என்று என் கொழுந்தனார் எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் மகன் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டான். அவ்வளவுதான். "நான் சாகக் கெடக்கேன், கட்டைவிரலக் காட்டுதான் ஒங்க மகன்" என்று கொழுந்தனார் எனக்குப் போன் செய்து அழாத குறை. மகனைக் கேட்டால், "பாத்துட்டேன்னு அர்த்தம்மா, ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் போடுதோம்" என்கிறான். சித்தப்பாவுக்குப் போன் செய்து இதைச் சொல்லு என்றால், "இதுக்கெல்லாமா விளக்கம் சொல்லுவாக" என்று கூச்சப்படுகிறான். கொழுந்தனாரிடம், நீங்களாவது கேளுங்கள் என்றால், "நான் போயி அவன்கிட்ட கேக்கணுமாக்கும்" என்று முறுக்கிக்கொள்கிறார். கடைசியில் இரண்டு பேரையும் ஒரே போனில் பிடித்துப் போட்டு, வாயில் வந்தபடி திட்டினேன். அதற்குப் பிறகுதான் பேசினார்கள்.

என் வயதை ஒத்தவர்களே, உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கும். சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இரத்தக் கொதிப்புதான் வருகிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பால் ஏறுகிற கொதிப்பு இல்லை இது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அப்பா பட்டாளத்தில் இருந்தார். எங்கள் ஊர் வன்னியம்பட்டிப் பக்கம். அம்மா முழுகாமல் இருந்ததால், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிற ஊராக இருக்கட்டும் என்று, விடுமுறையில் வந்த அப்பா எங்களை ராஜபாளையத்தில் குடிவைத்துவிட்டுப் போனார். வீடு அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதருடையது. அவர் கடைவீதியில் வளையல் கடை வைத்திருந்த முஸ்லிம். அப்பாவும் அவரும் சின்ன வயதிலிருந்தே மாப்பிள்ளை மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் அவர் எனக்கு மாமா, அவர் மனைவி எனக்கு மாமி. அம்மாவுக்கு அவர் மதினி.

ஒரே வீட்டைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு ஒற்றைக் கதவு. பச்சைப் பெயிண்ட் அடித்தது, கீழ்ப்பக்கம் தண்ணீர் பட்டு இற்றுப்போய் இருக்கும். அந்தக் கதவை யாரும் சாத்தியதில்லை. மாமி காலையில் எழுந்ததும் அந்த வழியாகத் தலையை நீட்டி, "ஏட்டி, எந்திரிச்சிட்டியா, ராத்திரி காலு வலிச்சிச்சா" என்று கேட்பார். அம்மாவை ஏட்டி என்று கூப்பிட அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு முகம் தெளிந்துவிடும்.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது மாமியின் மகள். என் வயதுதான். கடையில் உடைந்த வளையல்களை மாமா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து தருவார். நாங்கள் இரண்டு பேரும் அவற்றை மெழுகுவர்த்தித் தீயில் வளைத்து ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி செய்வோம். விரல் நுனியெல்லாம் சுட்டுப் பொசுங்கும். மில் சங்கு ஊதினால் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள், மாமி அவளைக் கூப்பிடுவார். எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம் என்பது அன்றைய குழம்பைப் பொறுத்தது.

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசல் கஞ்சியைப் பித்தளைத் தூக்குவாளியில் வாங்கி, தினமும் சாயங்காலம் எங்களுக்கு ஒரு தூக்குவாளி அனுப்பினார் மாமி. பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப் பாலும் மணக்கும். மூடியைத் திறந்தால் புதினா இலை ஒன்று மேலே மிதக்கும். அம்மா அதை எனக்கு ஊற்றிவிட்டு, தானும் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மசக்கையெல்லாம் போய் அந்தக் கஞ்சியில்தான் நாக்குக்கு ருசி திரும்பியது.

இனிமேல்தான் விஷயம். என் அம்மா பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரர்கள் பலகாரமோ கஞ்சியோ கொண்டுவந்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தரமாட்டார்கள். அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்க அப்படியே, மூடியில் வீட்டில் விளைந்தது ஏதாவது ஒரு கைப்பிடி வைத்துக் கொடுப்பார்கள். கழுவிக் கொடுத்தால் உறவு முடிந்துபோனது என்று அர்த்தம். பால்காரியின் செம்பை அம்மா கழுவிக் கொடுப்பாள், ஏனென்றால் அவள் வேற்றாள். மாமியின் தூக்குவாளியைக் கழுவாமல், மூடியில் எங்கள் காட்டு நிலக்கடலையை வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். "மதினிக்கிட்ட குடு. கழுவிராதடி" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. அதைவிடப் பெரிய மரியாதை அவளுக்குத் தெரியாது.

மாமி வீட்டு வழக்கம் வேறு. பாத்திரம் வெறுமையாகவும் போகக் கூடாது, அழுக்காகவும் போகக் கூடாது. அம்மா வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் செய்து ஒரு பித்தளைச் சம்படத்தில் அனுப்பினாள். அது மறுநாள் புளி போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற பளபளப்பில், உள்ளே சீனியோடு திரும்பி வந்தது. நான் ஆசையாகச் சீனியை அள்ளி வாயில் போட்டேன். அம்மா சம்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கழுவிட்டாக" என்றாள்.

"நல்லாத்தானம்மா மின்னுது."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. போ."

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதாவது அந்தக் கதவு வழியாகப் போய், "என்ன மதினி, கழுவிக் குடுத்துட்டீக, நாங்க வேண்டாமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்படிக் கேட்பது நம் மரியாதைக்குக் குறைச்சல் அல்லவா.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் இதுதான். கஞ்சி வருவது நிற்கவில்லை. ஆனால் தூக்குவாளியில் வரவில்லை. மண் கலயத்தில் வந்தது. கொண்டுவந்த மாமி மகள், "கலயத்தத் திருப்பித் தர வேண்டாமாம், தூரப் போட்டுரணுமாம்" என்று ஒப்பித்துவிட்டு ஓடிவிட்டாள். அம்மா அந்தக் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு இப்போதும் தெரிகிறது. கழுவினதாவது பரவாயில்லை. திருப்பியே தர வேண்டாம் என்றால் போக்குவரத்தே வேண்டாம் என்றுதானே பொருள். அம்மா கஞ்சியைக் குடிக்கவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. மாமி தலையை நீட்டி, "எந்திரிச்சிட்டீகளா" என்று கேட்டார். ஏட்டி போய்விட்டது. அம்மா என்னிடம் பேசும்போது மதினி என்று சொல்வதை விட்டு, "அவிய வீட்டுல" என்று சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரித்தார்கள். இரண்டு பேரும் நலம் விசாரித்தார்கள். ஒரு கெட்ட வார்த்தை உண்டா, ஒரு முகச்சுளிப்பு உண்டா, கிடையாது. குழாயடியில் சண்டை போடுகிற பெண்களாக இருந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். இவர்கள் நல்ல குடும்பத்துப் பெண்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன், பச்சைக் கதவு சாத்தியிருந்தது. யார் சாத்தினார்கள் என்று கேட்டேன். "காத்துல சாத்திருக்கும்" என்றாள் அம்மா. அவளே எழுந்து போய் இந்தப் பக்கம் கொண்டியையும் மாட்டினாள்.

அது ஒரு சனிக்கிழமை, உச்சி வெயில். அம்மாவுக்கு எட்டாம் மாதம். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அப்பா ஊருக்குப் போகும்போதே பேசி வைத்திருந்தார்கள். மாமியைக் கூப்பிட வேண்டும். மாமி கடைக்கு ஆள் அனுப்பிக் குதிரைவண்டி பிடித்து, கூடவே ஆஸ்பத்திரிக்கு வருவார். மாமி நாலைந்து பிரசவம் பார்த்த கை.

"மாமியக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்."

"அப்பா சொன்னாகள்ல."

"நம்மள வேண்டாம்னு சொன்னவுக வாசல்ல போயி நிக்கக் கூடாது. நீ செட்டியார்பட்டிக்குப் பஸ் ஏறி அத்தையக் கூட்டிட்டு வா. செத்த நேரந்தான, நான் இருந்துக்கிடுவேன்."

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நான் ஓடினேன். பஸ் வரவில்லை. வந்த பஸ் கூட்டத்தில் நிற்காமல் போனது. அடுத்ததில் ஏறிப் போனால் அத்தை பருத்திக் காட்டுக்குப் போயிருந்தாள். காட்டுக்கு ஓடி, அவளை இழுத்துக்கொண்டு, திரும்ப ஒரு லாரியில் கெஞ்சி ஏறி நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. வீட்டு வாசலில் நாலு பெண்கள் நின்றார்கள். அடுத்த தெருவில் இருந்த தெலுங்கு பேசுகிற மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்து "ஐயோ தல்லி" என்றாள், ஐயோ தாயே என்று. அத்தையிடம், "பையன். செத்துத்தான் பொறந்துச்சு" என்றாள்.

அம்மா பிழைத்தாள். தந்தி கொடுத்து அப்பா வந்தார். அவர் வந்த நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு மாற்றிவிட்டோம். மாமாவும் அப்பாவும் தெருவில் நின்று கைகளைப் பிடித்துக்கொண்டு என்னவோ பேசினார்கள். பெண்கள் இரண்டு பேரும் பேசவில்லை. சாமான் ஏற்றிய வண்டியில் அம்மா நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் மாமியைப் பற்றி யாரும் பேச்செடுக்க முடியாது. என்றாவது பேச்சு வந்தால் அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வாள். "நான் கத்துனது தெரு முனைக்குக் கேட்டுச்சு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் கேக்கல." இதைச் சொல்லியபடியே கிழவியானாள். இதே எண்ணத்தோடு செத்தும் போனாள்.

இப்போது இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். பென்ஷன்காரர்களுக்குத் தெரியும், வருஷத்துக்கு ஒருமுறை நாம் உயிரோடு இருப்பதை நாமே போய்க் காட்ட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பேங்க்கில் வரிசையில் நின்றேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தேய்ந்துபோன விரல்களை அங்கே இருக்கிற கைரேகை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஓர் அம்மாள், விரலைச் சேலையில் துடைப்பதும் வைப்பதுமாக மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நானும் அலுத்துப்போய், "ஊதிட்டு வச்சுப் பாருங்க" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார். என் மோவாயில் இருக்கும் மச்சத்தைப் பார்த்தார்.

"பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைதான நீ?" என்றார்.

மாமியின் மகள். மெஷினாவது பென்ஷனாவது. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டோம். அவள் இந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனையோ வருஷமாகிறது. அம்புட்டு வருஷமும் நாலு தெரு தள்ளி நான் இருந்திருக்கிறேன். பேச்சு ஓடியது. பிள்ளைகள், பேரன்கள், முட்டுவலி. கொஞ்சம் நேரம் கழித்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீ தப்பா நெனைக்காத. எங்க பாத்திரத்தக் கழுவக்கூட உங்கம்மாவுக்கு அருவருப்பா இருந்துச்சா?"

ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். அவள் சொன்னாள். முதல் நாள் தூக்குவாளி கழுவாமல் வந்ததும் மாமி ஒன்றும் நினைக்கவில்லையாம், வயிற்றுப்பிள்ளைக்காரி அசதியாக இருப்பாள் என்று விட்டுவிட்டாராம். தினமும் அப்படியே வரவும்தான், நாம் தொட்டுப் புழங்கியதில் கை வைக்க இவளுக்கு மனசு ஒப்பவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை என்று முடிவு செய்தாராம். பாவம், அவளை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்றுதான் மண் கலயத்தில் அனுப்பினாராம். தொட்டுக் கழுவித் திருப்புகிற வேலை இல்லையே.

நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது. பேங்க்கில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு பெண் உறவு என்று நினைத்துக் கழுவாமல் கொடுக்கிறாள். இன்னொரு பெண் மரியாதை என்று நினைத்துக் கழுவிக் கொடுக்கிறாள். நடுவில் திறந்த கதவு ஒன்று இருக்கிறது. இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, பேசுகிற மொழியும் ஒன்றுதான். இதற்கு மேல் என்னதான் வேண்டும்?

"எங்கம்மா இருக்காக" என்றாள் மாமி மகள். "அதே வீட்டுலதான், என் தம்பிகூட. காது நல்லாக் கேக்கும். வாரியா?"

உயிரோடு இருப்பதை இன்னொரு நாள் காட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம்.

வீட்டின் நடுச்சுவரை எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் சமையல்கட்டு இருந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் நின்றது. மாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் வற்றிப்போயிருந்தார். கண்ணில் மட்டும் தெளிவு அப்படியே இருந்தது. மகள் என்னை இன்னார் என்று சொன்னதும், என் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். "உங்கம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திறந்தார்.

மாமி மகள் தூக்குவாளி விஷயத்தைச் சொன்னாள். விட்ட இடத்தில் நான் எடுத்துச் சொன்னேன். மாமி முழுவதும் கேட்டார்.

"ஒறவுன்னு நெனச்சா அப்படிக் குடுத்தா?"

"ஆமா மாமி."

"அத ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லக் கூடாதா அந்தப் பாவி மக?" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

"நீங்களும் கேட்டிருக்கலாம்ல மாமி" என்றேன். எனக்கும் கோபம் இருந்தது. தொண்ணூறு வயதுக் கிழவியிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். "எங்கம்மா கத்துனது ஒங்களுக்குக் கேக்கலயா? சாகிற வரைக்கும் அதத்தான் சொல்லிட்டிருந்தா."

"கேட்டுச்சு."

மாமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கதவு வரைக்கும் வந்தேன்" என்றார் மாமி. "கொண்டி போட்டிருந்துச்சு. சரி, முன்வாசல் வழியாப் போவோம்னா, என் கை பட்டா அவளுக்கு ஆகாதுல்ல, அந்த நேரத்துல அவ மனசு நோகக் கூடாதுல்லன்னு நெனச்சேன். அவிய ஆளுகள்ல ஒருத்தியக் கூட்டியாந்துருவோம்னு நோன்போட ஓடுனேன். அந்த மருத்துவச்சி வீட்டுல இல்ல. தெருத் தெருவாத் தேடி இழுத்துட்டு வந்து உள்ள விட்டேன். நான் இந்தப் பக்கமா வந்து கதவுல காத வச்சுக்கிட்டு நின்னேன்."

மருத்துவச்சி தானாக வந்தாள், அழுகைச் சத்தம் கேட்டு வந்தாள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். கூட்டி வந்தது யார் என்று அவள் சொல்லவில்லை. மாமி சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். சொன்னால் அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமாம்.

எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. மாமி உள்ளே வந்திருந்தால் வண்டி வந்திருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். எட்டு மாதக் குழந்தை பிழைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பிழைத்திருக்கலாம். ஒரு பெண்ணின் ரோஷமும் இன்னொரு பெண்ணின் இங்கிதமும் சேர்ந்து அதற்கு வழி விடவில்லை. இரண்டு பேருமே நல்லவர்கள். அதனால் திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லை.

கிளம்பலாம் என்று எழுந்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் தம்பிக்கு என்ன பேரு வச்சீக, அன்னைக்குப் பொறந்தவனுக்கு?"

"செத்துப் பொறந்த பிள்ளைக்குப் பேரு வைக்க மாட்டாக மாமி, எங்கள்ல."

"யாரு சொன்னா செத்துப் பொறந்துச்சுன்னு?"

எழுந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அழுதான்டி. ரெண்டு தடவ. பொறவுதான் சத்தம் நின்னுச்சு. நான் கதவுலதான காத வச்சிருந்தேன். உங்கம்மா மயங்கிட்டா போல. உசுரோட பொறந்து செத்துச்சுன்னா தாய் தாங்க மாட்டான்னு அந்த மருத்துவச்சி மாத்திச் சொல்லிருக்கா. எங்கள்ல அழுது பொறந்த பிள்ள போனாலும் பேரு வைக்காம அனுப்ப மாட்டோம். உங்க வீட்டுல நான் எப்படி வந்து சொல்லுவேன், இத்தன நாளும் சொல்லல. ஆனா நான் ஒரு பேரு வச்சேன்."

என்னைக் குனியச் சொல்லி, காதில் சொன்னார். எங்கள் குலசாமியின் பெயர். தன் மதத்துப் பெயரை எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வைத்துவிடக் கூடாது என்று, மாமாவை விட்டு அப்பாவிடம் சாமி பெயரை விசாரித்துத் தெரிந்துகொண்டு வைத்திருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோன்பிலும் கஞ்சி குடிக்கும் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லித் தன் பிள்ளைகளோடு சேர்த்து அவனுக்கும் கை ஏந்தியிருக்கிறார்.

அம்மா சாகிற வரைக்கும் அவனை "அது" என்றுதான் சொன்னாள்.